முதுமைக்கு வகுத்த எல்லை

பணியிலிருந்து ஓய்வு பெறுதலைக் குறிக்க அரபு மொழியில் இன்று வழங்கும் சொல் 'தகாஉத்' என்பதாகும். 'அமர்ந்தான்' என்று பொருள்படும் 'கஅத' என்னும் வினையிலிருந்து அது பிறந்தது. நின்று உழைத்தவன் அமர்கின்றான் என்பது அதன் உட்கருத்து. எகிப்து நாட்டார் ஓய்வூதியத்தை 'மஆஷ்' என்றும் சொல்வர். அது வாழ்க்கையைக் குறிக்கும் 'ஐஷ்' என்னும் சொல்லோடு வேர் ஒன்றியது. உயிர் வாழ்வதற்கு ஆதாரமாவது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். நம் நாவில் பழகிப்போன 'பென்ஷன்' என்பதோ இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. நாணயத்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்த காலத்தின் நினைவு அந்தச் சொல்லின் வேரில் தங்கியிருக்கிறது.

அமர்தல், வாழ்தல், நிறுத்தல் என்னும் இம்மூன்று சொற்களுக்குள்ளும் நாம் ஆராயப்போகும் வரலாறு முழுவதும் அடங்கிவிடுகிறது. மனிதன் எப்போது அமரலாம்? அமர்ந்தபின் எதைக்கொண்டு வாழ்வான்? அவனுக்கு நிறுத்துக் கொடுக்கும் கடமை யாருடையது?

இவ்வினாக்கள் இன்று மீண்டும் எழுந்துள்ளன. பிரிட்டனில் அரசு ஓய்வூதியம் பெறும் வயது 66ஆக இருந்தது. அதனை 2026 ஏப்ரலில் தொடங்கி 2028க்குள் படிப்படியாக 67ஆக உயர்த்துவதென்று அந்நாட்டுச் சட்டம் விதித்துள்ளது. 2044க்கும் 2046க்கும் இடையில் அது 68ஆக வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளது. அந்நாட்டில் உழைத்து முதுமையை எட்டிவரும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பல உள. அவர்களுக்கும், ஊரிலிருக்கும் அவர்தம் உறவினர்க்கும் இது வெறும் அயல்நாட்டுச் செய்தியன்று.

முதுமை எந்த வயதில் தொடங்குகிறது என்று திருமறை ஓர் எண்ணைச் சொல்லி வரையறுக்கவில்லை. அல்அஹ்காஃப் அத்தியாயத்தின் 15ஆம் வசனம் மனிதன் முதிர்ச்சியடைவதைப் பேசும்போது நாற்பது ஆண்டுகளைச் சுட்டுகிறது. அர்ரூம் அத்தியாயத்தின் 54ஆம் வசனமோ, பலவீனத்தில் தொடங்கும் மனிதன் பலம் பெற்றுப் பின் மீண்டும் பலவீனத்தையும் நரையையும் அடைவதைக் கூறுகிறது. அது எத்தனையாவது ஆண்டில் என்று கூறவில்லை. ஒருவர் ஐம்பதில் தளர்கின்றார். மற்றொருவர் எழுபதிலும் ஏர் பிடிக்கின்றார். ஆகவே ஓய்வூதியத்திற்கு வயது வரம்பு வகுப்பது மனிதர் தம் நிருவாகத்திற்காகச் செய்துகொண்ட ஏற்பாடே ஆகும். மனிதர் வகுத்ததை மனிதர் மாற்றலாம். எவ்வாறு மாற்றுவது என்பதில்தான் நீதியும் அநீதியும் பிரிகின்றன.

மதீனாவில் மாறிய ஒரு வரம்பு

அரசுக் கருவூலத்திலிருந்து மக்களுக்கு முறையாக உதவித்தொகை வழங்கப் பதிவேடு அமைத்தவர்களுள் முன்னோடி இரண்டாம் கலீஃபா ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள். அப்பதிவேடு 'தீவான்' எனப்பட்டது. அது நிறுவப்பட்ட ஆண்டு ஹிஜ்ரி 15 என்பாரும் 20 என்பாரும் உளர். மக்களின் பெயர்களும் அவரவர்க்குரிய தொகையும் அதில் எழுதப்பட்டன. பத்ருப் போரில் கலந்துகொண்டோர்க்கு ஆண்டுக்கு 5,000 திர்ஹம் என வகுக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர் பலர் குறிக்கின்றனர். சிறு குழந்தைகளுக்கும் 100 திர்ஹம் உண்டு. ஆனால் அதற்கு ஒரு வரம்பு இருந்தது: பால்குடி மறந்த குழந்தைக்கே அத்தொகை எழுதப்படும்.

இந்த வரம்பு என்ன செய்தது என்பதை இப்னு ஸஅத் தம் நூலில் பதிவு செய்துள்ளார். ஒருமுறை வணிகர் கூட்டமொன்று மதீனாவின் தொழுகைத் திடலில் வந்து தங்கியது. இரவில் அவர்களுக்குக் காவலிருக்க உமர் (ரலி) அவர்கள், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை உடனழைத்துச் சென்றார்கள். ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டது. தாயிடம் சென்று, குழந்தையைக் கவனிக்குமாறு சொல்லித் திரும்பினார்கள். மறுபடியும் அழுகை, மறுபடியும் சென்றார்கள். இரவின் கடைப்பகுதியிலும் அழுகை ஓயாததைக் கண்டு அத்தாயைக் கடிந்துகொண்டார்கள். தம்மிடம் பேசுபவர் யாரென்று அறியாத அப்பெண், குழந்தையைப் பால்குடி மறக்கச் செய்ய முயல்வதாகவும் அது இணங்க மறுப்பதாகவும் கூறினாள். ஏன் இந்த அவசரம் என்று கேட்டபோது, பால்குடி மறந்த பிள்ளைக்கன்றி உமர் தொகை வழங்குவதில்லையே என்றாள்.

அன்று வைகறைத் தொழுகையை நடத்திய கலீஃபா அவர்கள் ஓதியது, அழுகையின் மிகுதியால் பின்னின்றோர்க்குத் தெளிவாகக் கேட்கவில்லை என்று அவ்வரலாறு கூறுகிறது. தொழுகை முடிந்ததும், தம் விதியால் எத்தனை குழந்தைகள் துன்புற்றனவோ என்று வருந்தினார்கள். இனிப் பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் தொகை உண்டு. பால்குடியை மறக்கச் செய்ய விரைய வேண்டாம் என்று ஊரில் பறை சாற்றுவித்தார்கள். மாகாணங்கள் அனைத்துக்கும் அவ்வாறே கடிதம் எழுதினார்கள்.

இதில் நாம் ஊன்றி நோக்கவேண்டியவை மூன்று. வரம்பை விதித்தவரே அதன் விளைவை நேரில் சென்று அறிந்தார்கள். விளைவு தீயதென்று கண்டதும் வரம்பை மாற்றினார்கள். மாற்றியதோடு நில்லாமல், அம்மாற்றம் ஒவ்வொரு வீட்டுக்கும் எட்டும்படி அறிவித்தார்கள். பின்னாளில் பேரரசுகள் வகுத்த வரம்புகளை இம்மூன்று அளவுகோல்களைக் கொண்டே நாம் மதிப்பிடலாம்.

முதியோர்க்கு அரசு கடமைப்பட்டது என்னும் கருத்துக்கும் அக்காலத்திலேயே சான்று உண்டு. ஹாரூன் ரஷீதின் தலைமை நீதிபதியாக விளங்கி ஹிஜ்ரி 182இல் (கி.பி. 798) மறைந்த இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) தம் 'கிதாபுல் கராஜ்' நூலில் இரு செய்திகளைத் தருகின்றார். ஒன்று, காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் ஹீரா நகரத்துக் கிறிஸ்தவர்களோடு செய்த உடன்படிக்கை. உழைக்க இயலாது தளர்ந்த முதியவரிடம் ஜிஸ்யா வரி வாங்குவதில்லை என்பதும், அவரையும் அவர் குடும்பத்தையும் பைத்துல்மாலிலிருந்து பராமரிப்பது என்பதும் அதில் அடங்கும். மற்றொன்று, கண்பார்வை இழந்து வாசல்தோறும் இரந்து திரிந்த யூத முதியவர் ஒருவரை உமர் (ரலி) அவர்கள் கண்ட நிகழ்ச்சி. வரியும் வறுமையும் வயதும் தம்மை இந்நிலைக்கு ஆளாக்கின என்று அவர் சொல்ல, கலீஃபா அவர்கள் அவரைக் கைப்பிடித்துத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று உதவினார்கள். பின்னர் பைத்துல்மால் பொறுப்பாளருக்கு ஆளனுப்பினார்கள். இவருடைய இளமையின் பயனை நாம் உண்டுவிட்டு, முதுமையில் இவரைக் கைவிடுவது நீதியாகாது என்பது அவர்கள் சொல்லியனுப்பியதன் சாரம். ஓய்வூதியம் தருமமன்று; வாங்கிய உழைப்புக்குச் செலுத்தும் கடன் என்னும் கொள்கை இதனுள் பொதிந்திருக்கின்றது.

பேரரசுகளின் கணக்கு

இக்காலத்து அரசு ஓய்வூதியத்திற்கு வழிகாட்டி ஜெர்மனி. தொழிலாளர் நலம் பேணுவது அரசின் கடமை என்று 1881ஆம் ஆண்டு பேரரசர் முதலாம் வில்லெம் வெளியிட்ட அறிக்கையைத் தொடர்ந்து, 1889இல் முதியோர் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. 1891 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. தொழிலாளியும் முதலாளியும் சம அளவில் பணம் செலுத்த, அரசும் தன் பங்கைச் சேர்த்தது. முதன்மை அமைச்சர் பிஸ்மார்க் தம் வயதையே அளவாகக் கொண்டு 65 என்று விதித்தார் எனப் பலர் எழுதிவருவது பிழை. அச்சட்டம் விதித்த வயது 70. பிஸ்மார்க்குக்கு அப்போது 74 வயது. 65 என்பது 1916இல்தான் வந்தது. அப்போது பிஸ்மார்க் உயிரோடில்லை.

பிரிட்டனின் கதை சற்றே விரிவாகச் சொல்லத்தக்கது. 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்தின் கீழ் அங்கே ஆதரவற்றோர்க்கென இருந்தது 'பணிமனை' என்னும் இல்லம். உள்ளே சென்றால் கணவனையும் மனைவியையும் பிரித்து வைப்பது வழக்கமாக இருந்தது. உழைத்து வாழ்ந்த முதியோர், சாவைவிட அவ்வில்லத்தின் வாசலுக்கு அஞ்சினர். இலண்டன் நகர ஏழையரின் நிலையைத் தெருத் தெருவாக ஆராய்ந்த சார்லஸ் பூத் போன்றோர், வறுமைக்குக் காரணம் எப்போதும் சோம்பலன்று, முதுமையே பெருங்காரணம் என்று எடுத்துக்காட்டினர். அவர் போன்றோர் பல்லாண்டுகள் வாதாடிய பின்னர், 1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் பிறந்தது. ஆஸ்குவித் பிரதமர், லாயிட் ஜார்ஜ் நிதியமைச்சர்.

70 வயது நிறைந்து, ஆண்டு வருமானம் 21 பவுண்டுக்கு மேற்படாதவர்க்கு வாரம் ஐந்து ஷில்லிங். வருமானம் அதைத் தாண்டினால் தொகை படிப்படியாகக் குறைந்து, 31 பவுண்டு 10 ஷில்லிங்குக்கு மேற்பட்டால் ஒன்றுமில்லை. இருபதாண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். அண்மையில் சிறை சென்றோர்க்கும், உழைக்கக் கூடியவராயிருந்தும் வழக்கமாக உழைக்காதவர்க்கும் இல்லை. மக்கள் எதையும் முன்கூட்டிச் செலுத்த வேண்டியதில்லை. பொது வரியிலிருந்தே அரசு கொடுத்தது. 1909 ஜனவரி முதல் நாளன்று அஞ்சலகங்களில் பட்டுவாடா தொடங்கிற்று. ஏறத்தாழ ஐந்து லட்சம் முதியோர் முதலில் பயன்பெற்றனர்.

அந்நாளில் கிராம அஞ்சலகங்களில் பணியாற்றிய ஃபிளோரா தாம்சன் என்னும் எழுத்தாளர், பணம் பெற்ற முதியோர் சிலர் கண்ணீர் மல்கினர் என்றும், பணத்தை எடுத்துக் கொடுத்த அஞ்சலகப் பெண்ணுக்குத் தம் தோட்டத்துப் பூக்களையும் ஆப்பிள் பழங்களையும் நன்றியாகக் கொண்டு வந்தனர் என்றும் எழுதியிருக்கின்றார். ஐந்து ஷில்லிங்கால் செல்வம் வந்துவிடவில்லை. மகன் வீட்டில் ஒரு மூலையில் ஒடுங்கியிருந்த தாய், தன் பங்காகக் கொஞ்சம் பணத்தைக் குடும்பச் செலவுக்குத் தரும் நிலை வந்தது. பணிமனை வாசலின் அச்சம் தணிந்தது. மானத்துக்கு ஒரு விலை உண்டென்றால், அன்று அது வாரம் ஐந்து ஷில்லிங்.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. எழுபது என்னும் வரம்பு முதியோரின் உடல்நிலையைக் கண்டு வகுத்ததன்று. கருவூலத்தின் கொள்ளளவைக் கண்டு வகுத்தது. அக்காலத்தில் நால்வரில் ஒருவரே எழுபதை எட்டினர் என்பது கணக்கு. கல் உடைத்தவரும் சுரங்கத்தில் உழன்றவரும் அதற்கு முன்பே மண்ணறைக்குச் சென்றனர். வரம்பை உயரத்தில் வைத்தால் செலவு குறையும் என்பது பிற்காலத்தார் கண்டுபிடித்த வித்தையன்று. அது முதல் சட்டத்திலேயே இருந்தது.

பிறகு வரம்பு தாழ்ந்தது. 1925ஆம் ஆண்டுச் சட்டம், தேசியக் காப்பீட்டில் பணம் செலுத்தியோர்க்கு 65 வயதிலேயே ஓய்வூதியம் கிடைக்க வழி செய்தது. 1928 முதல் அது வழங்கப்பட்டது. 1940இல் பெண்களுக்கான வயது 60ஆயிற்று. மனைவியர் பெரும்பாலும் கணவரினும் சில ஆண்டு இளையவர் ஆதலின், கணவன் ஓய்வுபெறும்போது மனைவிக்கும் சேர்ந்து கிடைக்கட்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. திருமணமாகாத பெண்கள் நடத்திய பெருங்கிளர்ச்சியும் அதற்குத் துணை நின்றது. 1942இல் பெவரிட்ஜ் அறிக்கையும், அதன் வழியே 1946இல் தேசியக் காப்பீட்டுச் சட்டமும் வந்தன. ஏழையரென மெய்ப்பித்துப் பெறும் உதவியாக இருந்தது, செலுத்தியவர் அனைவரும் உரிமையோடு பெறுவதாக மாறிற்று.

இங்கே ஒரு நுட்பத்தை அறிந்துகொள்ள வேண்டும். தேசியக் காப்பீட்டுக்குத் தாம் செலுத்தும் பணம் தம் பெயரில் ஒரு பெட்டகத்தில் குவிந்து கிடப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு இல்லை. இன்று உழைப்போர் செலுத்துவது இன்றைய முதியோர்க்குச் செல்கிறது. இவர்கள் முதுமையடையும்போது நாளை உழைப்போர் இவர்களுக்குக் கொடுப்பர். ஒரு தலைமுறை தோளில் மற்றொரு தலைமுறை சாயும் ஏற்பாடு இது. பிறப்பு குறைந்து, முதியோர் நீண்டநாள் வாழும்போது தோள்கள் குறைகின்றன, சாய்வோர் மிகுகின்றனர். வரம்பை உயர்த்த அரசுகள் சொல்லும் காரணம் இதுவே. இக்காரணம் பொய்யென்று தள்ளத்தக்கதன்று.

வராத கடிதம்

காரணம் சரியாயிருந்தும் செயல் பிழையாகலாம் என்பதற்கு 1995ஆம் ஆண்டுச் சட்டம் சான்று. ஆண்களுக்கு 65, பெண்களுக்கு 60 என்னும் வேறுபாட்டை நீக்கி இருபாலர்க்கும் 65 ஆக்குவதென்று பிரிட்டன் முடிவு செய்தது. உடனே அன்று, 2010இல் தொடங்கி 2020க்குள் படிப்படியாக என்பது திட்டம். 1950 ஏப்ரல் 6க்கு முன் பிறந்த பெண்களுக்கு மாற்றமில்லை. பதினைந்து ஆண்டு தவணை கொடுத்த சட்டம் என்ற அளவில் இது பாராட்டத்தக்கதே.

ஆனால் தவணை யார் கையில் கொடுக்கப்பட்டது? அரசிதழில் சட்டம் இருந்தது. துண்டு வெளியீடுகளும் விளம்பரங்களும் இருந்தன. எனினும், பாதிக்கப்படும் பெண் ஒவ்வொருவருக்கும் அவர் பெயரிட்டு, உமக்கு 60இல் கிடையாது, இன்ன நாளில்தான் கிடைக்கும் என்று கடிதம் எழுதும் பணி 2009 ஏப்ரலில்தான் தொடங்கியது. சட்டம் வந்து பதினான்கு ஆண்டுகள் கழிந்துவிட்டன. இதற்கிடையில் 2011இல் மற்றொரு சட்டம் வந்து வேகத்தைக் கூட்டியது. பெண்களின் வயது 2018 நவம்பருக்குள் 65ஆகவும், இருபாலர் வயதும் 2020 அக்டோபருக்குள் 66ஆகவும் உயர்த்தப்பட்டன. முன்பே தள்ளிப்போன நாள் சிலருக்கு மேலும் ஒன்றரை ஆண்டு வரை தள்ளிப்போயிற்று.

1950களில் பிறந்த 35 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை இம்மாற்றங்கள் தொட்டன. அவர்களுள் பலர் பிள்ளைகளை வளர்ப்பதற்காகவும் முதிய பெற்றோரைப் பேணுவதற்காகவும் இடையிடையே வேலையை விட்டவர்கள். தனியார் ஓய்வூதியம் மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ இருந்தவர்கள். 60ஐ நம்பி வேலையிலிருந்து விலகிய பிறகே உண்மை தெரியவந்தது என்று பலர் முறையிட்டனர். 2015இல் அவர்கள் ஓர் இயக்கமாகத் திரண்டனர். வயதை உயர்த்தியதே செல்லாது என்று வேறு சிலர் தொடுத்த வழக்கை 2019இல் உயர் நீதிமன்றமும், 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தள்ளுபடி செய்தன.

நீதிமன்றம் பார்த்தது சட்டத்தின் செல்லுபடியை. அறிவித்த முறையைப் பார்த்தவர் நாடாளுமன்றத்தின் முறைகேள் அதிகாரி. உரிய துறை குறைந்தது 28 மாதங்களுக்கு முன்பே தனித்தனிக் கடிதங்களை அனுப்பத் தொடங்கியிருக்க வேண்டும் என்று 2021இல் அவர் அலுவலகம் முடிவு கூறியது. 2024 மார்ச்சில் வந்த இறுதி அறிக்கை, ஒவ்வொருவர்க்கும் 1,000 முதல் 2,950 பவுண்டு வரையிலான அளவில் ஈட்டுத்தொகை தகும் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் அரசு, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டது. ஈட்டுத்தொகை தருவதற்கில்லை என்றும் அறிவித்தது. பெண்களுள் மிகப்பெரும்பாலோர் மாற்றம் வருவதை அறிந்தே இருந்தனர் என்பதும், 1,050 கோடி பவுண்டு வரை செலவாகும் என்பதும் அதன் வாதங்கள். கிளர்ச்சி அதன் பின்னும் ஓயவில்லை.

சிங்கப்பூரின் வரலாறும் ஈண்டு ஒப்பிடத்தக்கது. நம்மவர் பலர் உழைத்த, உழைக்கின்ற அந்நாட்டில் 1955இல் மத்திய சேமநிதி தொடங்கப்பட்டது. அங்கே அவரவர் பணம் அவரவர் கணக்கிலேயே சேரும். 55 வயதில் எடுத்துக்கொள்ளலாம் என்பது முதல் விதி. 1984இல் அமைச்சர் ஹோ யூன் சோங் தலைமையிலான குழு, அவ்வயதை 60ஆக உயர்த்தலாம் என்றது. மக்கள் சினந்தனர். அவ்வாண்டுப் பொதுத் தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு விகிதம் 12 விழுக்காட்டுக்கு மேல் சரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனப்பட்டது. அரசு அந்த யோசனையை அப்படியே நிறைவேற்றவில்லை. ஆனால் 1987 முதல் ஒரு குறைந்தபட்சத் தொகையைக் கணக்கில் நிறுத்திவைக்கும் முறையைக் கொண்டுவந்தது. சேர்ந்த பணம் தம் பெயரில் இருந்தாலும் அதை எப்போது தொடலாம் என்னும் எல்லை நகரக்கூடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

தவணையின் நீதி

மதரஸாக்களில் ஃபிக்ஹு பயின்றோர் கொடுக்கல்வாங்கல் பாடத்தில் ஒரு விதியை மறந்திருக்க மாட்டார்கள். தவணை வைத்து நடக்கும் வணிகத்தில் அத்தவணை இரு தரப்பார்க்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். எந்நாள் என்று அறியப்படாத தவணை, ஒப்பந்தத்தையே பழுதாக்கிவிடும். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், குறித்த தவணைக்குக் கடன் கொடுத்து வாங்கும்போது அதை எழுதிக்கொள்ளுமாறு பணிப்பதும் இதை ஒட்டியதே. சச்சரவுக்கு வழியடைப்பது இதன் நோக்கம்.

அரசு ஓய்வூதியம் வணிக ஒப்பந்தமன்று. ஆகவே இவ்விதியை அதன் மேல் அப்படியே பொருத்துவது கியாஸ் முறைக்கு ஒவ்வாது. எனினும் விதியின் உட்பொருள் ஒன்றே. ஒரு பெண் நாற்பது ஆண்டுகள் தன் கூலியில் ஒரு பகுதியைக் கொடுத்துவந்தாள். திரும்ப வரும் நாள் இதுவென்று நம்பினாள். அந்த நாளை மாற்றுவோர், மாற்றத்துக்கு நியாயம் காட்டினால் மட்டும் போதாது. அவள் தன் வாழ்க்கையைத் திருத்தி அமைத்துக்கொள்ளும் கால அளவுக்கு முன்பே அவளிடம் சொல்லியாக வேண்டும். அரசிதழில் அச்சிட்டோம் என்பது சொன்னதாகாது. மதீனாவில் கலீஃபா அவர்கள் தீவானில் ஒரு வரியைத் திருத்திவிட்டு அமைந்திருக்கலாம். பறை சாற்றுவித்ததும் மாகாணங்களுக்கு எழுதியதும் ஏன்? அறியாதவளுக்கு அந்தச் சீர்திருத்தம் நடக்கவில்லை என்றே பொருள். நன்மையான மாற்றத்துக்கே இவ்வளவு அறிவிப்பு வேண்டுமாயின், இழப்பைத் தரும் மாற்றத்துக்கு எவ்வளவு வேண்டும்!

அடுத்தது எளியோரின் நிலை. சராசரி ஆயுள் கூடிவிட்டது என்பது வரம்பை உயர்த்துவோர் சொல்லும் சான்று. சராசரிக்குள் எல்லாரும் அடங்குவதில்லை. இங்கிலாந்தில் ஒருவர் நலமாக வாழக்கூடிய ஆண்டுகளின் சராசரி 62ஐ ஒட்டியே இருக்கின்றது என்று 2020 முதல் 2022 வரையிலான புள்ளிவிவரம் கூறுகிறது. ஏழ்மைப் பகுதிகளில் அதனினும் மிகக் குறைவு. நாற்காலியில் அமர்ந்து எழுதுபவருக்கு 67 வரை பணி செய்வது ஆகக்கூடியது. உணவகத்தின் அடுப்படியில் நின்றவருக்கும், மூட்டை சுமந்தவருக்கும், முதியோர் இல்லத்தில் பிறரைத் தூக்கிக் குளிப்பாட்டியவருக்கும் முழங்கால் அதுவரை காத்திருப்பதில்லை. எல்லார்க்கும் ஒரே எண் என்பது பார்வைக்குச் சமத்துவம். விளைவில் அது வலியவர்க்குச் சாதகம். காலித் (ரலி) அவர்களின் உடன்படிக்கை வயதை அளக்கவில்லை. உழைக்க இயலாமையை அளந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

அரசின் கடமையை இவ்வளவு வலியுறுத்திய பின், நம் கடமையைப் பேசாது விடுவது முறையாகாது. நாளைக்கெனச் சேர்ப்பது இறைவன் மீதுள்ள தவக்குலுக்கு முரண் என்று கருதுவார் நம்மிடையே உளர். யூசுஃப் (அலை) அவர்கள் ஏழு செழிப்பான ஆண்டுகளின் விளைச்சலை ஏழு பஞ்ச ஆண்டுகளுக்கெனக் கதிரோடு சேமிக்கச் சொன்னதைத் திருமறை விரிவாக எடுத்துரைக்கின்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தார்க்கு ஓராண்டுக்கான உணவை ஒதுக்கி வைத்ததை ஸஹீஹுல் புகாரி கூறுகின்றது. நோயுற்ற ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் தம் செல்வம் முழுவதையும் அறம் செய்ய விரும்பியபோது, வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வதே நலம் என்று உணர்த்தி, மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்தியதும் நபிவழியே.

பிரிட்டனில் வாழும் குடும்பங்கள் முதலில் அறிய வேண்டியது தத்தம் ஓய்வூதிய நாளை. 1960 ஏப்ரல் 6க்குப் பின் பிறந்தோர்க்கு அது 66இல் அன்று. அறிவிப்பு வருமென்று காத்திராமல் தாமே கேட்டறிய வேண்டும் என்பதே முன்சென்ற பெண்களின் துன்பம் கற்பிக்கும் பாடம். 2016 ஏப்ரல் 6 முதல் நடப்பிலுள்ள புதிய முறையில், ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டுகளும், முழுத்தொகை பெறப் பொதுவாக 35 ஆண்டுகளும் தேசியக் காப்பீட்டுப் பதிவு வேண்டும். 2025-26ஆம் ஆண்டில் முழுத்தொகை வாரத்துக்கு 230 பவுண்டு 25 பென்ஸ். விண்ணப்பித்தால்தான் அது வரும்.

வீட்டிலிருக்கும் பெண்களின் கணக்கை நாம் பெரிதும் கவனிப்பதில்லை. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய், குழந்தை உதவித்தொகைக்குத் தம் பெயரில் பதிவு செய்திருந்தால், வெளிவேலை பாராத அவ்வாண்டுகளும் அவர் பதிவில் சேரும். கணவரின் வருமானம் மிகுதி, தொகை நமக்கு வாராது என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிட்டால், பணத்தோடு பதிவும் போய்விடும். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி ஓய்வூதிய வயதை எட்டாதவராயின், வேலைக்குச் செல்லும் தாயின் பதிவுச் சலுகையைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள 2011 முதல் வழியுண்டு. கூட்டுக் குடும்பமாக வாழும் நம்மவர்க்கு இது பெரிதும் பயன்படும்.

பணியிடத்து ஓய்வூதியம் பற்றியும் ஒரு சொல். 2012இல் தொடங்கிய முறைப்படி, தகுதியுள்ள தொழிலாளரை முதலாளி தாமே சேர்த்துத் தம் பங்கையும் செலுத்த வேண்டும். வட்டி கலக்குமோ என்று அஞ்சி அதிலிருந்து விலகிக்கொள்வோர் உளர். அவ்வச்சம் மதிக்கத்தக்கது, ஆனால் விலகுவது ஒன்றே வழியன்று. ஷரீஅத்துக்கு இயைந்த முதலீட்டுப் பிரிவுகளும் அங்கே உள்ளன. மார்க்க அறிஞரையும் விவரமறிந்தவரையும் ஒருங்கே கலந்து தேர்ந்துகொள்ளலாம். தனியார் ஓய்வூதியத்தைத் தொடும் வயதும் 2028 ஏப்ரல் 6 முதல் 55இலிருந்து 57ஆக உயர்கின்றது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

முதுமையில் ஊர் திரும்பி, பள்ளிவாசலின் அருகே ஒரு வீட்டில் கடைசிக் காலத்தைக் கழிக்க விரும்புவோர்க்கு இன்னும் ஓர் எச்சரிக்கை. பிரிட்டனில் வாழும் முதியோர்க்கு அரசு ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயரும். இந்தியாவிலோ இலங்கையிலோ குடியேறிவிட்டால், அந்த ஆண்டு உயர்வு கிடையாது. தொடக்கத்தில் பெற்ற தொகையே நின்றுவிடும். இருபதாண்டு கழித்து அதன் மதிப்பு என்னவாகும் என்பதை எண்ணி, அதற்கேற்ப வேறு வருவாய்க்கும் வழி செய்துகொண்டே புறப்பட வேண்டும்.

பிள்ளைகள்தாமே நம் பென்ஷன் என்று பெருமையோடு கூறும் பெற்றோர் நம்மில் உண்டு. பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் மீது கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் அக்கடமையை நிறைவேற்றும் வலிமை மகனுக்கு எப்போதும் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. கையில் தமக்கென ஒரு சிறு வருவாயுள்ள தாய், மகனின் அன்பை அன்பாகவே பெறுகின்றாள். அதைச் சோற்றுக்காக எதிர்நோக்கியிருக்கும் நிலை அவளுக்கு வருவதில்லை. 1909இல் அஞ்சலகத்துக்குப் பூக்கொண்டு சென்ற முதியோர் உணர்ந்தது அதுவே.

அரசு வகுத்த எல்லை முன்பு நகர்ந்தது, இனியும் நகரும். அது நகரும்போது அறிவிக்குமாறும், தளர்ந்தவர்க்கு விலக்களிக்குமாறும் கேட்பது குடிகளின் உரிமை. அது நகர்ந்தாலும் நிலைகுலையாதிருக்கும்படி, உடலில் வலுவிருக்கும் நாளிலேயே ஆயத்தம் செய்துகொள்வது நம் பொறுப்பு. இளமையின் உழைப்பை உண்ட எந்த அரசும் எந்தக் குடும்பமும் முதுமையைக் கைவிடாதிருக்க அல்லாஹு தஆலா அருள்புரிவானாக!